ஜன்னல் கண்ணாடியைத் துடைக்க ஆள் எப்போது வேண்டும்?

வீடு பராமரிப்பு: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: திருவான்மியூரில், கடற்கரைக்கு நடந்தே போய்விடக்கூடிய தொலைவில் உள்ள அடுக்குமாடிக் குடியிருப்பின் ஐந்தாம் தளத்தில் வசிக்கிறோம். யுபிவிசி (கடின பிளாஸ்டிக்) சட்டகம் போட்ட ஸ்லைடிங் ஜன்னல்கள். மாதந்தோறும் வந்து உள்ளும் புறமும் துடைத்துத் தருவதாகச் சொல்லி ஒரு துப்புரவு நிறுவனம் ஆண்டு ஒப்பந்தம் கேட்கிறது. பொங்கலுக்கு ஒரு முறை துடைத்தால் போதும் என்கிறார் என் கணவர். யார் சொல்வதைக் கேட்பது?
— ஒரு வாசகி, திருவான்மியூர்

பதில்: உங்கள் வீட்டைப் பொறுத்தவரை இரண்டுமே பொருந்தாது, ஆனால் உங்கள் கணவர் சொல்வதுதான் சரியான விடைக்கு அருகில் இருக்கிறது. வெளிப்புறக் கண்ணாடியை ஆண்டுக்கு மூன்று முறை தொழில்முறை ஆட்களைக் கொண்டு துடைத்தால் போதுமானது. இடைப்பட்ட மாதங்களில், கை எட்டும் பகுதிகளை மட்டும் நீங்களே நல்ல தண்ணீரால் கழுவிவிடலாம். மாத ஒப்பந்தத்தில் அந்த நிறுவனத்துக்கு வருமானம் சீராக வரும் என்பதைத் தவிர வேறு பயன் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

கடலோர வீட்டுக்கு ஏன் மூன்று முறை என்று சொல்கிறேன் என்பதை விளக்க வேண்டும். சென்னையில் கோடைக்காலத்தில் நண்பகலை ஒட்டிக் கடற்காற்று கரையேறத் தொடங்கும்போது, அலை உடைவதால் எழும் நுண்ணிய உப்புத் துளிகளையும் அது சுமந்து வருகிறது. அவை கண்ணாடியிலும் கிரில்லிலும் கீல்களிலும் படிகின்றன. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டும்போது சாதாரண உப்பு ஈரத்தை இழுத்துத் தானே கரையும் இயல்புடையது. சென்னைக் கடலோரத்தில் பெரும்பாலான இரவுகளில் இந்த நிலை ஏற்படுகிறது. இரவில் கரைவதும் பகலில் உலர்வதுமாக நாட்கணக்கில் நிகழ்வதால்தான் அந்தப் படலம் தூசியையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, வெறும் துணியால் துடைத்தால் இழுபட்டுப் பூசினாற்போல் ஆகிவிடுகிறது. நல்ல செய்தி என்னவென்றால், கடல் உப்பு தண்ணீரில் எளிதாகக் கரைவது. புதிதாக இருக்கும்போது கழுவினால் கண்ணாடிக்கு எந்தக் கேடும் இல்லை. கேடு முதலில் வருவது உலோகப் பகுதிகளுக்கு: திருகாணி, தாழ்ப்பாள், ஸ்லைடிங் கதவின் அடியில் ஓடும் சிறு சக்கரம் ஆகியவை துருவேறிக் கடைசியில் ஜன்னல் நகராமல் நின்றுவிடும். எனவே, ஆளை வைத்துச் செய்யும்போது கண்ணாடியைத் துடைப்பதோடு விட்டுவிடாமல், ட்ராக் (ஜன்னல் ஓடும் பள்ளம்), சக்கரம், கீல், கொசுவலை எல்லாம் சேர்த்தே செய்ய வேண்டும் என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். பல நிறுவனங்கள் கண்ணாடிக்கு ஒரு விலையும் வலைக்கும் ட்ராக்குக்கும் தனி விலையும் வைத்திருக்கின்றன. முதலில் சொல்லும் தொகையில் இவை பெரும்பாலும் அடங்குவதில்லை.

மூன்று முறை எப்போது என்பதற்கும் காரணம் உண்டு. சென்னைக்கு ஆண்டில் கிடைக்கும் ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர் மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையில்தான் பெய்கிறது. அந்த மழை ஓய்ந்து, போகிப் புகையும் அடங்கிய பிறகு, அதாவது ஜனவரி மூன்றாம் வாரத்தில் செய்யும் சுத்தம் நீண்ட நாள் நிற்கும். பொங்கலுக்கு முன்பே துடைத்துவிட வேண்டும் என்ற நம் வழக்கம் விருந்தினருக்காக ஏற்பட்டது. கண்ணாடியை மட்டும் கருதினால் காணும் பொங்கல் முடிந்த மறுநாள்தான் உகந்த நாள். இரண்டாவது முறை, கோடையின் தூசியும் உப்பும் சேர்ந்து இறுகியிருக்கும் ஜூன் மாதத்தில். மூன்றாவது முறை செப்டம்பர் கடைசியில். இதில் கண்ணாடியைவிட ட்ராக்கும் அதன் நீர் வடியும் துளைகளும் முக்கியம். இவற்றைத் தவிர, 2016 டிசம்பரில் வந்த வர்தாவைப் போன்ற புயல் ஏதேனும் கரையைக் கடந்தால், எந்த மாதமாக இருந்தாலும் காத்திராமல் அந்த வாரமே நல்ல தண்ணீரில் ஒரு முறை அலசிவிட வேண்டும். பலத்த காற்று வழக்கத்தைவிடப் பல மடங்கு உப்பைக் கரைமேல் கொண்டுவந்து கொட்டிவிடுகிறது.

மழைக்கு முன்பு துடைத்தால் பணம் வீண் என்று சிலர் எண்ணுகிறார்கள். மழைத்துளியில் கரைந்துள்ள உப்பு மிகக் குறைவு. தூய கண்ணாடியில் விழும் மழை பெரும்பாலும் அடையாளம் தெரியாமல் உலர்ந்துவிடும். ஏற்கெனவே தூசி படிந்த கண்ணாடியில் விழும்போதுதான் அது கோடு கோடாக வழிந்து அசிங்கமாகிறது.

கேள்வி: சோழிங்கநல்லூரில் வசிக்கிறோம். எங்கள் ஜன்னல்களில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள் படிந்துவிட்டன. சோப்பு போட்டாலும் போகவில்லை. துடைக்க வந்தவர்கள் ஆசிட் போட்டால் போய்விடும் என்கிறார்கள். அடிக்கடி துடைக்காததால்தான் இப்படி ஆகிவிட்டதா?
— ஒரு வாசகர், சோழிங்கநல்லூர்

பதில்: அடிக்கடி துடைக்காததைவிட, எந்தத் தண்ணீரால் துடைத்தீர்கள் என்பதே காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன். ராஜீவ் காந்தி சாலையை ஒட்டிய குடியிருப்புகளில் பெரும்பாலானவை போர்வெல் தண்ணீரையும் லாரித் தண்ணீரையும் நம்பியிருப்பவை. குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் கடினத்தன்மையை, அதாவது நீரில் கரைந்துள்ள சுண்ணாம்பு, மக்னீசிய உப்புகளின் அளவை, லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்றும், வேறு நீர் கிடைக்காதபோது 600 வரை அனுமதிக்கலாம் என்றும் வரையறுக்கிறது. அந்த 600-ஐத் தொடும் நீரைக் கண்ணாடியில் தெளித்து வெயிலில் தானாக உலர விட்டால், துளி மறைந்த இடத்தில் அதிலிருந்த சுண்ணாம்பும் மக்னீசியமும் தங்கிவிடும். வெந்நீர் போடும் பாத்திரத்தின் அடியில் படிகிற அதே வெள்ளைதான் இது. மாதந்தோறும் இப்படித் துடைத்தால் மாதந்தோறும் ஒரு படலம் ஏறும். உப்புத் தண்ணீரால் அடிக்கடி துடைப்பதைக் காட்டிலும் துடைக்காமல் இருப்பதே மேல் என்று துணிந்து சொல்வேன்.

முதலில் கறை எந்த நிலையில் இருக்கிறது என்று பாருங்கள். கறையின் மேல் வெள்ளை வினிகரில் நனைத்த துணியைப் பத்து நிமிடம் ஒட்டி வைத்து, பிறகு தேய்த்துக் கழுவி உலர விடுங்கள். மங்கியது என்றால் அது மேலே படிந்த சுண்ணாம்பு. இரண்டு மூன்று முறை இப்படியே செய்தால் போய்விடும். சற்றும் மாறவில்லை என்றால் படிவம் சிலிக்கா கலந்து இறுகியிருக்கலாம், அல்லது கண்ணாடியின் மேற்பரப்பே அரிக்கப்பட்டிருக்கலாம். சாதாரண ஜன்னல் கண்ணாடியில் சோடியம் கலந்திருக்கிறது. தண்ணீர் நெடுநாள் ஒரே இடத்தில் தேங்கி நின்றால் அந்தச் சோடியம் மெல்ல வெளியேறி, தேங்கிய நீரைக் காரத்தன்மை உடையதாக்கி, அந்தக் காரமே கண்ணாடியை அரிக்கத் தொடங்குகிறது. அந்த நிலைக்குப் போனால் துடைப்பு வேலை செய்யாது. சீரியம் ஆக்சைடு என்ற மெருகுத் தூள் கொண்டு பாலிஷ் செய்ய வேண்டும், அல்லது கண்ணாடியை மாற்ற வேண்டும். நனைத்தால் தெளிவாகி உலர்ந்தால் மீண்டும் மங்குகிறதே என்று சிலர் குழம்புவார்கள். படிவமானாலும் அரிப்பானாலும் நனைந்தால் மறையத்தான் செய்யும், ஆகவே எந்தச் சோதனையையும் உலர்ந்த பிறகே பாருங்கள்.

ஆசிட் விஷயத்தில் கண்டிப்பாக மறுத்துவிடுங்கள். கழிவறைக்குப் பயன்படுத்தும் ஹைட்ரோகுளோரிக் அமிலம் சுண்ணாம்புக் கறையைக் கரைக்கும் என்பது உண்மை, கண்ணாடியையும் அது பெரிதாகத் தொடாது. ஆனால் அலுமினியச் சட்டகத்தின் மேல்பூச்சு, எஃகுத் திருகாணி, கிரில், சுவர்ப் பூச்சு ஆகிய எல்லாவற்றையும் அது கெடுக்கும், அதன் ஆவி துடைப்பவரின் நுரையீரலுக்கும் ஆகாது. சிலர் பெயரில்லாத புட்டியில் கொண்டுவரும் 'கறை நீக்கி' இதைவிடவும் ஆபத்தானது, ஏனென்றால் அவற்றில் சில ஃபுளோரைடு கலந்தவை. கண்ணாடியையே கரைப்பதோடு, தோலில் பட்டால் உள்ளே இறங்கி எலும்பு வரை பாதிக்கக்கூடியவை. வினிகரிலும் ஓர் எச்சரிக்கை உண்டு. நம் வீடுகளில் ஜன்னல் அடிப்பலகையாகக் கடப்பா கல் போட்டிருப்பது வழக்கம். அது சுண்ணாம்புக் கல் வகையைச் சேர்ந்தது என்பதால் வினிகர் சொட்டினாலும் பளபளப்பு போய்த் தழும்பு விழும். பளிங்குக்கும் இதே கதிதான். கீழே பழைய துண்டு ஒன்றை மடித்துப் போட்டுக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள்.

இனிமேல் கறை வராமலிருக்க, கழுவுவதற்கு எந்தத் தண்ணீர் கிடைத்தாலும் கடைசி அலசலுக்கு மட்டும் ஆர்.ஓ. இயந்திரம் வடிகட்டித் தரும் தண்ணீரைப் பயன்படுத்துங்கள். ஒரு ஜன்னலுக்கு அரை லிட்டர்கூடத் தேவைப்படாது. அந்த இயந்திரம் வெளியேற்றும் கழிவுநீரை வீணாக்கக்கூடாது என்று வாளியில் பிடித்துத் தரை துடைக்கும் நல்ல பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. ஆனால் அதே வாளியை ஜன்னலுக்கு எடுத்துச் செல்லாதீர்கள்: வடிகட்டியில் தடுக்கப்பட்ட உப்பெல்லாம் அந்த நீரில்தான் இருக்கிறது, அது உங்கள் போர்வெல் தண்ணீரைவிடக் கடினமானது. அதோடு, கண்ணாடியில் வெயில் விழும் நேரத்தில் துடைக்கக்கூடாது. மேற்கு பார்த்த ஜன்னலைக் காலையிலும் கிழக்கு பார்த்ததை மாலையிலும் வைத்துக்கொண்டால், தண்ணீர் தானாக உலர்வதற்குள் ரப்பர் வைப்பரால் இழுத்துவிட நேரம் கிடைக்கும். இன்று தொழில்முறை ஆட்கள் கையில் இருக்கும் அந்த ஒற்றை ரப்பர் வைப்பரின் வடிவம், கலிஃபோர்னியாவில் குடியேறிய எட்டோரே ஸ்டெக்கோனே என்ற இத்தாலியர் 1936-ல் காப்புரிமை பெற்றதிலிருந்து பெரிதாக மாறவில்லை. கண்ணாடி துடைக்கும் தொழிலில் பெரும்பகுதி, தண்ணீரைத் தானாக உலர விடாமல் இழுத்தெடுப்பதுதான்.

கேள்வி: கோவை சரவணம்பட்டியில் மாடியுடன் கூடிய தனி வீடு. எங்களுக்கும் ஆள் வைத்துத் துடைக்க வேண்டுமா?
— ஒரு வாசகி, கோயம்புத்தூர்

பதில்: பெரும்பாலும் தேவையில்லை. தரைத்தளத்தையும், பால்கனியிலிருந்து எட்டும் மாடி ஜன்னல்களையும் மூன்று மாதத்துக்கு ஒரு முறை நீங்களே துடைத்துக்கொள்ளலாம். எட்டாத கண்ணாடிகள் சில இருந்தால், அவற்றுக்கு மட்டும் ஆண்டுக்கு ஒரு முறை ஆள் அழைத்தால் போதும். சமையலறை ஜன்னலை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். தாளிப்பின் எண்ணெய்ப் புகை அதில் உட்புறமாகப் படிவதால், பாத்திரம் கழுவும் திரவத்தை வெதுவெதுப்பான நீரில் கலந்து மாதம் ஒரு முறை துடைக்க வேண்டும்.

இதற்கு ஒரே விலக்கு, பக்கத்து மனையில் கட்டட வேலை நடப்பது. சிமெண்டுத் தூசி ஈரம் பட்டால் காரமாகி இறுகும்; கலவைத் துளி தெறித்துக் கண்ணாடியில் காய்ந்துவிட்டால் சில நாட்களிலேயே தழும்பு விழக்கூடும். தெறித்த அன்றே நிறையத் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடுங்கள், உலர்ந்த தூசியைத் துணியால் தேய்க்காதீர்கள், அதிலிருக்கும் மணல் கீறிவிடும். காய்ந்துபோன துளியைப் பிளேடால் சுரண்டுவதும் வேண்டாம். குறிப்பாக டஃபன்ட் (சூடாக்கி உறுதிப்படுத்திய) கண்ணாடியில், தயாரிப்பின்போது ஒட்டிய நுண்துகள்கள் பிளேடின் அடியில் சிக்கி நீளநீளமாகக் கீறல் போட்டுவிடும். பிரதிபலிக்கும் பூச்சு உள்ள கண்ணாடியில் அந்தப் பூச்சே உரிந்துவிடும். கட்டட வேலை முடிந்ததும் ஒரு முறை தொழில்முறைச் சுத்தம் செய்துகொள்வது செலவுக்குத் தகுந்த பயன் தரும்.

கேள்வி: ஒன்பதாம் தளத்தில் வசிக்கிறோம். வெளிப்பக்கத்தைத் துடைக்க எங்கள் வீட்டு வேலைக்கு வரும் அக்கா முன்வருகிறார், சன்ஷேடில் இறங்கித் துடைத்துவிடுவதாகச் சொல்கிறார். நிறுவனத்தை அழைத்தால் செலவு அதிகம். அவரையே செய்யச் சொல்லலாமா?
— ஒரு வாசகர், அம்பத்தூர்

பதில்: கூடாது. அவரே விரும்பி முன்வந்தாலும், கூடுதல் பணம் கொடுத்தாலும் கூடாது. சன்ஷேட் மழையையும் வெயிலையும் தடுப்பதற்காகக் கட்டப்பட்டது. ஈரமான, பாசி படிந்த அந்தச் சரிவில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறுகையால் துடைக்கும் ஒருவருக்குக் கால் வழுக்கினால் பிடித்து நிறுத்த எதுவும் இல்லை. வெளிநாட்டிலிருந்து வந்து வீட்டு வேலை செய்யும் பெண்கள் இப்படி விழுந்து இறந்ததைத் தொடர்ந்து, சிங்கப்பூர் அரசு 2012-ல் ஒரு விதியைக் கொண்டுவந்தது. ஜன்னலில் கிரில் பொருத்தி, துடைக்கும் நேரம் முழுவதும் அது பூட்டப்பட்டிருந்து, பொறுப்பான பெரியவர் ஒருவர் உடன் நின்று கவனித்தால் மட்டுமே வெளிப்புறத்தைத் துடைக்கச் சொல்லலாம் என்பது அந்த விதி. நம் வீட்டிலும் அதையே விதியாக வைத்துக்கொள்வதற்கு அரசாணை வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

ஸ்லைடிங் ஜன்னலாக இருந்தால், கிரில்லுக்கு உள்ளே நின்றபடியே நீளக் கைப்பிடி கொண்ட வைப்பரால் ஒரு பக்கத்தைத் திறந்து மறுபக்கத்தின் பெரும்பகுதியைத் துடைத்துவிடலாம். அப்படியும் எட்டாத நிலையான கண்ணாடிகளுக்குத்தான் கயிற்றில் இறங்கும் ஆட்கள் வேண்டும். அவர்களைத் தனி வீடாக அழைப்பதைவிட, அசோசியேஷன் மூலம் முழுக் கட்டடத்துக்கும் ஆண்டுக்கு இரண்டு முறை, ஜனவரியிலும் செப்டம்பரிலும் ஏற்பாடு செய்தால் ஒவ்வொரு வீட்டுக்கும் வரும் பங்கு குறையும். கடலிலிருந்து தள்ளியிருக்கும் அம்பத்தூர் போன்ற பகுதிக்கு அந்த இரண்டு முறையே தாராளம். வேலை தொடங்கும் முன் மொட்டைமாடிக்கு ஏறிப்போய்ப் பாருங்கள். இறங்குபவர் இடுப்புப் பட்டை மட்டும் கட்டாமல் உடல் முழுவதையும் தாங்கும் பாதுகாப்புக் கச்சை அணிந்திருக்க வேண்டும். அவர் தொங்கும் கயிறு தவிர இரண்டாவது பாதுகாப்புக் கயிறு வேறொரு பிடிமானத்தில் கட்டப்பட்டிருக்க வேண்டும். இரண்டுமே கான்கிரீட் தூண் போன்ற உறுதியான கட்டமைப்பில் இருக்க வேண்டும். தண்ணீர்க் குழாயிலோ கைப்பிடிக் கம்பியிலோ கட்டியிருந்தால் வேலையை அப்போதே நிறுத்தச் சொல்லுங்கள். ஆட்களுக்கு விபத்துக் காப்பீடு இருக்கிறதா என்று எழுத்தில் கேட்டு வாங்குவதும் அசோசியேஷனின் கடமை.

கேள்வி: புது வீடு கட்டுகிறோம். தானே சுத்தமாகும் கண்ணாடி போட்டால் துடைக்கவே வேண்டாம் என்கிறார் விற்பனையாளர். உண்மையா?
— ஒரு வாசகர், தாம்பரம்

பதில்: பாதி உண்மை. 2001-ல் பில்கிங்டன் நிறுவனம் சந்தைக்குக் கொண்டுவந்த இந்த வகைக் கண்ணாடியின் வெளிப்புறத்தில் டைட்டானியம் டை ஆக்சைடு மெல்லிய பூச்சாக இருக்கும். சூரியனின் புற ஊதாக் கதிர் படும்போது அது உயிர்ப்பொருள் அழுக்கைச் சிதைக்கிறது. பிறகு மழைநீர் துளியாக நிற்காமல் படலமாகப் பரவி அதைக் கழுவிச் செல்கிறது. ஆகவே வெயிலும் மழையும் நேராகப் படும் இடத்தில் துடைக்கும் இடைவெளி நீளும். ஆழமான சன்ஷேடின் கீழோ பால்கனிக்கு உட்புறமாகவோ போட்டால் மழை படாது, பயனும் குறைவு. ஜனவரி முதல் மே வரை மழை அரிதான நம் ஊரில் தூசியும் உப்பும் தாமாகப் போய்விடா. போர்வெல் தண்ணீர்க் கறைக்கும் அது மருந்தில்லை. துடைக்கவே எட்டாத உயரத்தில், திறக்க முடியாமல் பொருத்திய கண்ணாடி ஒன்றிரண்டுக்கு மட்டும் அதைப் போட்டுக்கொள்ளுங்கள், மற்றவற்றுக்குச் சாதாரணக் கண்ணாடியே போதும். போட்டால், கரகரப்பான தேய்ப்பானும் சிலிக்கோன் ஸ்பிரேயும் அதன் வெளிப்பக்கத்தில் படக்கூடாது என்பதைத் துடைப்பவரிடம் சொல்லி வையுங்கள்.

கேள்வி: ஐப்பசி, கார்த்திகையில் எங்கள் ஸ்லைடிங் ஜன்னல் வழியாக மழைத் தண்ணீர் உள்ளே வருகிறது. ஜன்னல் பழுதா, துடைக்காததால் வருவதா?
— ஒரு வாசகி, வேளச்சேரி

பதில்: பழுது என்று முடிவு கட்டும் முன் ட்ராக்கின் வெளிப்பக்க அடியில் உள்ள சிறு துளைகளைப் பாருங்கள். ஸ்லைடிங் ஜன்னலின் ட்ராக்கில் மழைநீர் இறங்குவது இயல்பு. அந்தத் துளைகள் வழியாக அது வெளியே வடிந்துவிடும்படிதான் ஜன்னலை வடிவமைக்கிறார்கள். தூசி, முடி, செத்த ஈசல், புறா இறகு எல்லாம் சேர்ந்து துளையை அடைத்துவிட்டால் ட்ராக் நிரம்பித் தண்ணீர் அறைக்குள் வழியும். ஒரு குவளைத் தண்ணீரை ட்ராக்கில் ஊற்றிப் பார்த்தால் உடனே தெரிந்துவிடும்: வெளியே வடிந்தால் சரி, தேங்கி நின்றால் பழைய பல்துலக்கியாலும் மெல்லிய கம்பியாலும் துளையைத் திறந்துவிடுங்கள். புறா எச்சம் இருந்தால் உலர்ந்த நிலையில் பெருக்காமல், முகக்கவசம் அணிந்து, முதலில் நனைத்து ஊறவிட்டு எடுங்கள்; உலர்ந்த எச்சத்தின் தூள் மூச்சோடு உள்ளே போவது நல்லதல்ல. ஜன்னல் இறுக்கமாக ஓடுகிறதென்று ட்ராக்கில் தேங்காய் எண்ணெய் விடும் பழக்கத்தை விட்டுவிடுங்கள், அது தூசியைப் பிடித்துச் சேறாக்கும். சாதாரணக் கண்ணாடி ஜன்னலாக இருந்தால் சிலிக்கோன் ஸ்பிரேயைத் துணியில் அடித்துத் தடவினால் போதும். துளைகள் திறந்திருந்தும் தண்ணீர் வந்தால், சட்டகத்துக்கும் சுவருக்கும் இடையிலான சிலிக்கோன் அடைப்பு விட்டிருக்கும். அது பொருத்துபவர் வந்து பார்க்க வேண்டிய வேலை, அவரையும் புரட்டாசியிலேயே அழைத்துவிடுங்கள். மழை தொடங்கிவிட்டால் சுவர் உலராது, ஈரச் சுவரில் சிலிக்கோன் பிடிக்காது.